தென்காசி–குற்றாலம் சாலைப் போக்குவரத்து: நெரிசல் உருவான வரலாறு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தென்காசி நகராட்சியில் வாழ்ந்தவர்கள் 70,545 பேர். பக்கத்திலுள்ள கடையநல்லூரில் சுமார் 90,000 பேர். ஆயினும் சுற்றுவட்டாரச் சாலைகள் எல்லாம் வந்து கூடுவது தென்காசியில்தான். ஒப்பீட்டுக்கு, அமெரிக்காவின் ஆஸ்டின் நகர மக்கள்தொகை 2010இல் 7,90,390, 2020இல் 9,61,855. அங்கே குடியேறியவர்களோடு கார்களும் பெருகிச் சாலைகள் திணறின. ஆனால் தென்காசியின் நெரிசலுக்குக் குடியிருப்போர் எண்ணிக்கை மட்டும் விளக்கமாகாது. கடந்து போகிறவர்களையும் வந்து திரும்புகிறவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஊரின் நடுப்பகுதி 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலைச் சுற்றி அமைந்தது. தேரோட்டத்துக்கான ரத வீதிகளே இன்றும் கடைவீதிகள். மேற்கே ஆரியங்காவுக் கணவாய் திறந்திருப்பதால் கேரளத்துக்குப் போகும் பாதையும் இவ்வழியே அமைந்தது. 1904இல் செங்கோட்டை–கொல்லம் ரயில் பாதை திறக்கப்பட்டது; 1927இல் விருதுநகர் பாதையும் வந்து சேர, தென்காசி சந்திப்பானது. அதுவரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்துடன் இணைந்தது. எல்லைக்கோடு மேற்கே நகர்ந்தது. கணவாய்ப் போக்குவரத்து நிற்கவில்லை.

அகலப்பாதைப் பணிக்காக 2010இல் மூடப்பட்ட புனலூர்–செங்கோட்டை ரயில் தடம் 2018இல்தான் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் இங்கே மலையைக் கடக்கச் சாலை ஒன்றே வழி. திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744இல் பாவூர்சத்திரம், சுரண்டை காய்கறி வண்டிகளோடு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகளும் போகின்றன. புளியரை தாண்டி மலையேறும் வளைவுகளில் பாரவண்டி ஒன்று பழுதாகி நின்றால் இரு பக்கமும் வரிசை நீண்டுவிடும்.

குற்றாலத்தின் கணக்கே தனி. அருவிகள் உள்ள, பேரூராட்சி அளவிலான ஊர் அது. தென்காசியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையில் சாரல் விழத் தொடங்கியதும் அந்தச் சிற்றூருக்குள் மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்தும் வேன்களும் கார்களும் திரள்கின்றன. சனி, ஞாயிறுகளில் இது உச்சம். மெயினருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை விதிப்பார்கள். உடனே கூட்டம் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் திரும்பும். ஈரத் துண்டோடு ஏறியவர்களின் வண்டிகள் ஒரே குறுகிய சாலையில் எதிரெதிரே நிற்கும். அருவியில் வெள்ளம் கூடுவதும் சாலையில் நெரிசல் இடம் மாறுவதும் ஒரே மணி நேரத்துக்குள் நடந்து முடியும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் குற்றாலத்தில் நீராடிவிட்டுச் செங்கோட்டை வழியாகச் செல்வதால் இரண்டாவது கூட்டம் சேர்கிறது. ஆண்டு முழுவதற்குமான சராசரியை வைத்து இந்த ஊருக்குச் சாலையும் பார்க்கிங்கும் திட்டமிடுவது பொருந்தாது.

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டம் தொடங்கியது. மனுவோடு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் திருநெல்வேலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. அதே சமயம் சங்கரன்கோவில், சிவகிரி, ஆலங்குளம் முதலான வட்டங்களின் அலுவல் பயணங்களும் தென்காசியை நோக்கித் திரும்பின. 2011 கணக்குப்படி இம்மாவட்டப் பகுதியில் வாழ்ந்தவர்கள் சுமார் 14 லட்சம் பேர். எழுபதாயிரம் பேருக்கு வளர்ந்த ஊர், வேலை நாட்களில் அத்தனை பேருக்கும் தலைநகராக இயங்க வேண்டியதாயிற்று.

ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியான திருநெல்வேலிச் சாலை உலக வங்கி உதவியுடன் நான்கு வழியாக விரிவாக்கப்பட்டது. இதற்காகச் சாலையோர மரங்கள் பல வெட்டப்பட்டன. அந்த நிழலின் இழப்பு சிறிதல்ல. விரிந்த சாலையில் விரைந்து வரும் வண்டிகள் நகருக்குள் நுழைந்ததும் பழைய அகலத்தில்தான் ஊர்கின்றன. கேரளம் செல்லும் பாரவண்டிகளுக்குத் தென்காசி கடைவீதியில் எந்த வேலையும் இல்லை; அவற்றை ஊருக்கு வெளியே திருப்பிவிடும் புறவழிச்சாலை, நான்கு வழிச்சாலைக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.