தடைப் பட்டியலும் அனுமதிச் சீட்டும்

பொருளாதாரத் தடை பற்றிய செய்திகளில் தலைவர்களின் முகங்கள் வரும். கப்பல்கள் வரும். கச்சா எண்ணெய் விலை வரும். ஒரு மேசையும் அதன் பின்னால் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படிக்கும் அதிகாரியும் அநேகமாக வருவதில்லை. ஆனால் எந்தத் தடையும் அந்த மேசை வழியாகத்தான் ஒரு வீட்டின் சமையலறைக்குப் போய்ச் சேருகிறது.

நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவன் வளாகத்தில் வெளிநாட்டு வணிக இயக்குநரகத்தின் மண்டல அலுவலகம் இருக்கிறது. 1991 வரை அந்தத் துறைக்கு இறக்குமதி ஏற்றுமதித் தலைமைக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் என்று பெயர். ஏற்றுமதி இறக்குமதிக்கான அரசின் கொள்கை ஆவணத்தை இந்தத் துறைதான் வெளியிடுகிறது. ஐக்கிய நாடுகள் சபையின் தடைகள் அதில் வரிவரியாக இடம்பெறுகின்றன. வடகொரியாவுக்கு எவை போகக்கூடாது என்பது ஒரு பத்தி. சோமாலியாவிலிருந்து கரி வரக்கூடாது என்பது இன்னொரு பத்தி. தொழிற்சாலைக்கும் ஆயுதக் கிடங்குக்கும் ஒருசேரப் பயன்படக்கூடிய இரசாயனங்கள், கருவிகள், மென்பொருள்களுக்கு ‘ஸ்கோமெட்’ என்று தனிப் பட்டியல். அதில் உள்ள பொருளை வெளியே அனுப்ப உரிமம் வேண்டும். உரிமம் தருபவர் மூன்று கேள்விகளைக் கேட்கிறார்: யார் வாங்குகிறார், எதற்காக வாங்குகிறார், கடைசியில் அது யார் கையில் போய்ச் சேரும்?

இப்படிப்பட்ட வேலையில் என் பழைய மாணவி ஒருத்தி இருக்கிறாள். “மேடம், நான் கையெழுத்துப் போடாத ஒரு தாளால யாரோ ஒருத்தி வீட்டுல என்ன நடக்கும்னு எங்க பயிற்சியில யாரும் சொல்லவே இல்ல” என்றாள். தமிழ் இலக்கியம் படித்தவள் கேட்கக்கூடிய கேள்விதான். அதற்கு விடை தேடிப் போனால் நம் நாட்டின் முதல் பெரிய பொருளாதாரத் தடைக்கு, 1946க்கு, போக வேண்டியிருக்கிறது. அந்த வரலாற்றில் தமிழ்ப் பெண்கள் நாம் நினைப்பதைவிட அதிகமாக இருக்கிறார்கள்.

எழும்பூர் பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்குத் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை என்று பெயர். சேலை வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரை நின்று படிக்கிறார்கள்? ஜோகன்னஸ்பர்க்கில் 1898இல் பிறந்த வள்ளியம்மை, சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். வயது பதினாறு. மயிலாப்பூர்க் கடற்கரையில் இராணி மேரி கல்லூரி தொடங்கப்பட்டதும் அதே 1914இல்தான். இங்கே பெண்கள் அந்தக் கல்லூரிக்குள் நுழைந்த ஆண்டில், அங்கே கல்லூரி வயதுகூட ஆகாத ஒரு தமிழ்ப் பெண் சிறைக்குப் போய் உயிரை விட்டிருக்கிறாள்.

அவள் ஏன் சிறைக்குப் போனாள்? ஒப்பந்தக் கூலிக் காலம் முடிந்தவர்கள் மீது விதிக்கப்பட்ட மூன்று பவுன் தலைவரி ஒரு காரணம். 1913 மார்ச்சில் நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பு இன்னொன்று. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணங்கள் செல்லாது என்றது அது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான இந்தியப் பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவி என்ற இடத்தை இழந்தார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து கிளம்பிய பெண்கள் குழுவில் பெரும்பாலோர் தமிழச்சிகள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்குத் திரட்டியவர்கள் அவர்கள். தங்கள் தாலி செல்லும் என்று சொல்ல அரசாங்கம் யார் என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1946 ஜூனில், இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கோடு கிழிக்கும் சட்டத்தைத் தென்னாப்பிரிக்கா கொண்டுவந்தது. சேரிச் சட்டம் என்று மக்கள் அதை அழைத்தார்கள். ஜூன் 13 அன்று டர்பனில் ஒரு காலி நிலத்தில் கூடாரம் போட்டு எதிர்ப்பைத் தொடங்கிய முதல் குழுவிலேயே பெண்கள் இருந்தார்கள். மருத்துவ மாணவி ஜைனப் அஸ்வத் அவர்களில் ஒருவர். இரவில் வெள்ளையர் கும்பல் வந்து அடித்தது, கூடாரங்களைக் கிழித்தது. மறுநாளும் பெண்கள் வந்தார்கள். டர்பனில் பிறந்து எடின்பரோவில் மருத்துவம் படித்துத் திரும்பிய தமிழ்ப் பெண் டாக்டர் கூனம், மீண்டும் மீண்டும் சிறை சென்றார். பின்னாளில் எழுதிய தன்வரலாற்றுக்குக் ‘கூலி டாக்டர்’ என்று பெயர் வைத்தார். ஏறத்தாழ 2,000 பேர் சிறை சென்ற போராட்டம் அது.

அந்தக் கோடையில்தான் இந்தியா தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தை நிறுத்தியது. தடை 1946 ஜூலை 17 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது நேருவின் இடைக்கால அரசுகூட அமையவில்லை. மக்களின் அழுத்தம் வைஸ்ராய் ஆட்சியையே கையெழுத்துப் போட வைத்தது. இந்தியாவின் ஏற்றுமதியில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்குத் தென்னாப்பிரிக்கா வாங்கிக்கொண்டிருந்த காலம். அந்த இழப்பு தெரிந்தே ஏற்கப்பட்டது. சரக்கு மூன்றாம் நாடுகள் வழியாகச் சுற்றிப் போனதும் உண்டு. ஆனாலும் தடை 1993 வரை நின்றது. அந்த ஆண்டுகளில் இந்தியக் கடவுச்சீட்டில் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது என்ற குறிப்பு இருந்தது.

இந்த வழக்கை ஐ.நா. பொதுச்சபைக்கு எடுத்துச் சென்றவரும் ஒரு பெண். 1946 டிசம்பர் 8 அன்று விஜயலட்சுமி பண்டிட் தலைமையிலான குழு கொண்டுவந்த தீர்மானம் 32க்கு 15 என்று வென்றது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அவர் கணவரை இழந்திருந்தார். மகன் இல்லாத இந்து விதவைக்குக் கணவர் சொத்தில் முழு உரிமை கிடைக்காத காலம். உலக மன்றத்தில் இன்னொரு நாட்டின் சட்டம் அநீதியானது என்று வாதாடியவர், சொந்த நாட்டின் சட்டத்தால் தன் வீட்டுக்குள்ளேயே கைவிடப்பட்டிருந்தார்.

புதிய இந்திய அரசு தன் பெண் அதிகாரிகளை எப்படி நடத்தியது என்பதையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் படித்த சி.பி. முத்தம்மா 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அந்தப் பணியின் 1961ஆம் ஆண்டு விதிப்படி, பெண் அதிகாரி திருமணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்து மூலம் முன் அனுமதி பெற வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் அவர் பதவி விலக வேண்டும். ஆண் அதிகாரிக்கு இப்படி ஒரு நிபந்தனை இல்லை. 1951இல் சென்னை மாகாணத்துக்கு ஆட்சிப் பணியில் வந்த அன்னா ராஜத்தின் நியமன ஆணையிலும், திருமணமானால் பணி முடியும் என்ற வாசகம் இருந்தது. முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளின் பாகுபாட்டைக் கடுமையாகக் கண்டித்தார்.

1913இல் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் பெண்ணின் திருமணத்தைச் செல்லாது என்றதற்காக நம் பெண்கள் சிறை போனார்கள். 1961இல் இந்திய அரசு பெண்ணின் திருமணத்துக்கு உரிமம் கேட்டது. அனுமதி கேட்டு நிற்கும் வரிசை பெண்களுக்குப் புதிதல்ல. தகப்பன், கணவன், விடுதிக் காப்பாளர், அரசு என்று முத்திரை வைத்திருக்கும் கைகள்தான் மாறும். அதனால்தான் ஒரு பெண் முத்திரையின் இந்தப் பக்கத்துக்கு வரும்போது, அவள் வேறு விதமாக நடந்துகொள்வாள் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

அந்த எதிர்பார்ப்பை 1996 உடைத்தது. 1990 ஆகஸ்டில் ஈராக் மீது விதிக்கப்பட்ட தடையை நிர்வகித்தது பாதுகாப்புச் சபையின் 661 குழு. எந்த உறுப்பு நாடும் ஒரு சரக்கை நிறுத்திவைக்கலாம். தண்ணீர்ச் சுத்திகரிப்புக்கு வேண்டியவைகூட நின்றன. தடையால் ஐந்து இலட்சம் குழந்தைகள் இறந்ததாகச் சொல்லி, இந்த விலை தகுமா என்று தொலைக்காட்சியில் கேட்டபோது, ஐ.நா.வில் அமெரிக்கத் தூதராக இருந்த மேடலின் ஆல்பிரைட் தகும் என்று பதில் சொன்னார். அந்த எண்ணிக்கை பிற்பாடு தவறென்று மறுக்கப்பட்டது. தன் பதிலுக்கு அவரும் வருந்தினார். ஆனால் எண்ணிக்கை சரியென்றே வைத்துக்கொண்டு ஒரு பெண் அந்தப் பதிலைச் சொன்னார் என்பது மாறவில்லை. மேசைக்குப் பின்னால் பெண் இருப்பது மட்டும் போதாது.

நமக்கு இன்னும் அருகிலேயே ஒரு பட்டியல் இருந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் இலங்கை அரசு வடக்குக்குப் பொருட்கள் போவதைத் தடுத்தது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம், சவர்க்காரம், மெழுகுதிரி என்று பட்டியல் நீண்டது. கொண்டுபோகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். மறுபக்கம் புலிகளின் பாஸ் முறையும் வரியும் இருந்தன. தி.நகரிலும் அடையாறிலும் ஒரு மணி நேர மின்வெட்டுக்கு நாம் மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், யாழ்ப்பாணம் வருடக்கணக்கில் மின்சாரமே இல்லாமல் இருந்தது. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெயும் திரியும் வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். இந்தச் சாமர்த்தியத்தை நாம் வியந்து எழுதிவிடுகிறோம். விறகு தேடியவர், தண்ணீர் இறைத்தவர், பனம்பழத்தால் துணி துவைத்தவர் யார் என்று எழுதுவதில்லை. சவர்க்காரத்தைப் பட்டியலில் சேர்த்தவரின் மேசையில், மாதவிலக்குத் துணியை எதைக்கொண்டு துவைப்பார்கள் என்ற கேள்வி எழுந்திருக்குமா? 2002 ஜனவரியில்தான் அந்தத் தடை பெருமளவு விலகியது.

தென்னாப்பிரிக்காவும் யாழ்ப்பாணமும் இரண்டுமே தடைகள்தாம். இரண்டிலும் பட்டியல், அனுமதி, முத்திரை எல்லாம் உண்டு. பிறகு என்ன வேறுபாடு? ஒன்றை அதன் சுமையைத் தாங்கப்போகிறவர்களே கேட்டார்கள். உலகம் தங்கள் நாட்டுப் பொருட்களை வாங்காமல் விட்டால் தங்கள் மக்களுக்கும் வலிக்கும் என்று தெரிந்தே, 1959இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி புறக்கணிப்பைக் கோரினார். அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 1956 ஆகஸ்ட் 9 அன்று, ஏறத்தாழ 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் பாஸ் சட்டத்துக்கு எதிராக அணிவகுத்திருந்தார்கள். லிலியன் இங்கோயியோடும் ஹெலன் ஜோசப்போடும் முன்னால் நின்றவர்களில் ரஹீமா மூசா என்ற இந்திய வம்சாவளிப் பெண்ணும் ஒருவர். யாழ்ப்பாணத்துப் பெண்கள் தங்கள் மீது தடை போடச் சொல்லி யாரிடமும் கேட்கவில்லை. ‘ஆணை’ என்ற சொல்லுக்குத் தமிழில் கட்டளை என்றும் பொருள், சபதம் என்றும் பொருள். டர்பனில் அது சபதமாகத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் கட்டளையாக மட்டுமே வந்தது.

தடையை நடத்துவது அதிகாரிகள் மட்டுமல்ல என்பதற்கும் ஒரு பெண் சாட்சி. 1984 ஜூலையில் டப்ளின் நகரக் கடை ஒன்றில், மேரி மேனிங் என்ற 21 வயதுப் பணம் வாங்கும் பெண், தென்னாப்பிரிக்க கிரேப்ஃப்ரூட் பழங்களுக்குப் பில் போட மறுத்தார். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். உடன் வேலை பார்த்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், அவரோடு தெருவில் இறங்கிக் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1987இல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்கக் காய்கனிகளின் இறக்குமதிக்கே தடை விதித்தது. தி.நகர் ரங்கநாதன் தெருவில் நாள் முழுக்க நின்றே விற்கும் நம் பெண்களை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தமே 2021இல்தான் வந்தது. விற்க மறுக்கும் உரிமை இன்னும் எத்தனை தூரத்தில் இருக்கிறது?

இனி மாணவியின் கேள்வி. உரிம விண்ணப்பத்தில் மூன்று கேள்விகள் இருப்பதாகச் சொன்னேன். நான்காவதாக ஒன்றை அவள் சேர்த்துக்கொள்ளலாம்: இந்தத் தடையைக் கேட்டது யார்? ஐந்தாவதாக இன்னொன்று: இந்தப் பொருள் போகாவிட்டால் அதற்கு ஈடாக யாருடைய உழைப்பு கூடும்? மருந்து போகாத ஊரில் நோயாளியின் பக்கத்தில் கண்விழிப்பது யார், கரி போகாத ஊரில் சுள்ளி பொறுக்குவது யார் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்.

இந்தக் கேள்விகளால் ஒரு நாட்டின் கொள்கை மறுநாளே மாறிவிடாது. முடிவு எடுப்பவர் மேலே இருப்பார். ஆனால் கோப்பில் குறிப்பு எழுதுவது கீழே இருப்பவர்தான். மருந்து, உணவு, தண்ணீர் தொடர்பான விதிவிலக்கு சட்டத்திலேயே இருக்கும் இடங்களில், அதை எடுத்துக்காட்டி, இன்ன பொருள் இன்ன மருத்துவமனையின் பிரசவ வார்டுக்குப் போகிறது என்று ஒரு வரி எழுத அவளால் முடியும். மறுப்பவர் அந்த வரியைப் படித்துவிட்டு, காரணம் எழுதித்தான் மறுக்க வேண்டியிருக்கும்.