அரசவை மனிதர்கள்: செத்தவன் பட்டத்தைச் சூடியவன்

போன வாரம் அசீரியாவில் நின்றோம். கி.மு. 701-இல் எருசலேமை மிரட்டச் சனகெரிப் அனுப்பிய ரப்சாக்கேயைத் தமிழ் வேதாகமம் படித்தவர்கள் அறிவார்கள். ரப்சாக்கே என்பது பதவி; அரசனுக்கு மது வார்ப்போரின் தலைவன். அந்த ஆளின் சொந்தப் பெயரை வேதாகமம் சொல்வதே இல்லை. ஆளைப் பதவி விழுங்கிவிட்டது.

நம் பக்கத்தில் இது தலைகீழாகவும் நடந்திருக்கிறது. பெங்களூரின் பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டை விட்டு பேகூர் ரோட்டில் திரும்புங்கள். கார்மென்ட்ஸ் ஷிப்ட் விடும் நேரம் மட்டும் வேண்டாம். சில கிலோமீட்டரில் பேகூர் நாகேஸ்வரர் கோயில். கங்கர் அதிகாரி நாகத்தரனின் மகன் புட்டண செட்டி ‘பெங்களூர்ப் போரில்’ இறந்ததாக அங்கே ஒரு கல்வெட்டு உண்டு. காலம் சுமார் கி.பி. 890. பின்னாளில் வந்த ஹொய்சள வல்லாளனுக்குக் கிழவி அவித்த பயறு கொடுத்ததால் பெங்களூருக்குப் பெயர் வந்தது என்ற கதையை இந்த ஒரு கல்லே முடித்துவைக்கிறது.

நமக்கு வேண்டியது பேகூரின் இன்னொரு கல். அது இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கங்க அரசன் எரெயப்பன், வீரமகேந்திரன் என்பவனை எதிர்த்த ஐயப்பதேவனுக்குத் துணையாக நாகத்தரனைப் படையோடு அனுப்புகிறான். தும்பெபாடியில் யானைப்படை நடுவே சண்டை. தன் பக்கம் தளர்ந்ததைக் கண்ட நாகத்தரன் நெருங்கிப் போரிட்டுச் சாகிறான். செய்தி கேட்ட அரசன் மெச்சி, இருகன் என்பவனுக்கு ‘நாகத்தர பட்டம்’ கட்டுகிறான். அதாவது செத்தவன் பெயரே பதவியாகி, அடுத்தவன் நெற்றியில் ஏறுகிறது! கூடவே பேகூர்ப் பன்னிரண்டு என்ற ஊர்த்தொகுதியும் கல்நாடாக, வீரமானியமாகக் கிடைக்கிறது. ஊர்களைக் கல் பெயர் பெயராக அடுக்குகிறது. அதில் வரும் கூடலெ இன்றைய கூட்லு என்பார்கள். இதை அனுதாபம் என்று மட்டும் படிக்க எனக்கு மனம் வரவில்லை. தலைவன் விழுந்தாலும் படை கலையக் கூடாது, அதற்குச் சோறுபோடும் நிலமும் கை மாறக் கூடாது. அரசனின் கணக்கு அதுதான்.

சோழர்கள் இதையே ஓலையும் கையெழுத்துமாக வளர்த்தார்கள். அரசன் வாய்மொழியாகச் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுவார், ஓலைநாயகம் சரிபார்ப்பார், புரவுவரித் திணைக்களத்தார் வரிக்கணக்கில் ஏற்றுவார்கள். பெருந்தரம், சிறுதரம் என்று தரமும் உண்டு. பட்டத்தில் அரசனின் விருதுப்பெயரையே ஒட்டிவிடுவது அவர்கள் வழக்கம். ராஜராஜனின் சேனாபதி கிருஷ்ணன் ராமன், அரசனின் விருதைச் சுமந்து மும்முடிச்சோழ பிரமராயன் ஆனான். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகை அவன் எடுப்பித்தது. மகன் மாராயன் அருண்மொழி, ராஜேந்திரனின் சேனாபதியாகி உத்தமசோழ பிரமராயன் என்ற பட்டம் பெற்றான். கோலாரில் பிடாரியார் விமானத்தை அரசன் ஆணைப்படி கல்லால் கட்டியவன் அவனே. இன்று அது கோலாரம்மன் கோயில். பொம்மனஹள்ளியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். கல்வெட்டு தமிழில்தான் இருக்கிறது.