பேர் பதிந்து அபின் கொடுத்த காலம்

பசறைப் பக்கம் எங்க தோட்டத்து மேல் லயத்துல ஒரு அண்ணன் இருக்கார். பேர் வேண்டாம். ஓ.எல். முடிச்ச கையோட கொழும்புக்குப் போய் ஒரு சாப்பாட்டுக் கடையில வேலைக்கு நின்னவர். மூணு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தப்போ உடம்பெல்லாம் நடுங்கிச்சு, மூக்கு ஒழுகிச்சு, ராத்திரி முழுக்க காலை உதைச்சுக்கிட்டே கிடந்தார். பெரியம்மா காய்ச்சல்னு நினைச்சு கொத்தமல்லி அவிச்சுக் கொடுத்தாங்க. டிஸ்பென்சரியில பனடோல் கிடைச்சது. அது குடு கிடைக்காத உடம்போட நடுக்கம்னு லயத்துக்குத் தெரிஞ்சது பொலிஸ் வந்த பிறகுதான்.

அவர் கதைக்குத் திரும்பி வர்றேன். அதுக்கு முன்னாடி நூறு வருஷத்துக்கும் மேல பின்னால போகணும்.

குடு என்கிற ஹெரோயின் இந்தத் தீவுக்குள் பரவியது 1980களில். ஆனால் அதன் தாய்ச்சரக்கான அபின் வெள்ளைக்காரன் காலத்திலேயே இங்கே கடையில் விற்றது. களவாக இல்லை, அரசாங்க அனுமதிப் பத்திரம் பெற்ற கடையில். சாராயத் தவறணை போலவே அதுவும் வருமானம் தரும் தொழில். நாட்டு வைத்தியர்கள் அதை மருந்தில் சேர்த்தார்கள். பழகிப்போனவர்கள் தினமும் ஒரு உருண்டை விழுங்கினார்கள். இங்கே புகைத்தவர்களைவிடத் தின்றவர்களே அதிகம்.

எதிர்ப்பு வலுத்தபோது 1907இல் அரசாங்கம் குழு அமைத்து விசாரித்தது. 1910ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதன் பிறகு வந்தது. தனியார் கடைகள் மூடப்பட்டன. அபினைக் கொண்டுவருவதும் விற்பதும் அரசாங்கத்தின் கைக்குப் போனது. ஏற்கெனவே பழக்கப்பட்டவர்கள் தங்கள் பேரைப் பதிந்துகொள்ள வேண்டும். நாட்டு வைத்தியர்களும் அப்படியே. பதிந்தவருக்கு அளவோடு அபின் கிடைக்கும். பதியாதவருக்கு இல்லை.

இது இரக்கத்தால் வந்த ஏற்பாடு என்று நான் சொல்ல வரவில்லை. இதில் வைத்தியரும் இல்லை, ஆறுதல் சொல்ல ஆளும் இல்லை. காலப்போக்கில் பதிவேட்டில் உள்ளவர்கள் செத்துத் தீர்ந்தால் பிரச்சினையும் தீரும் என்ற கணக்குத்தான். ஆனாலும் ஒரு விஷயத்தை அந்த அதிகாரிகள் ஒத்துக்கொண்டார்கள்: பழகிப்போன உடம்பிலிருந்து ஒரே நாளில் அபினைப் பிடுங்க முடியாது. அந்த ஆளைக் கூட்டில் போடாமல், பேரைப் பதிந்து, அளவைக் குறிப்பிட்டு, நாளை ஓட்டவிட்டார்கள்.

தோட்டத்துக் கதை கொஞ்சம் வேறு. அந்தக் காலத்தில் ஆசியா முழுக்க வெள்ளைக்காரத் துரைமாரின் மருந்துப் பெட்டியில் விளக்கெண்ணெய், கொயினாவோடு குளோரடைன் என்று ஒரு போத்தலும் இருக்கும். ஜோன் கொலிஸ் பிரவுன் என்ற இராணுவ வைத்தியர் 1848இல் உண்டாக்கிய மருந்து. அபின் சாறு, கஞ்சா, குளோரபோம் மூன்றும் அதில் சேர்ந்திருந்தன! வயிற்றோட்டத்துக்கும் வாந்திபேதிக்கும் அது கைகண்ட மருந்து. தோட்டத் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனதும் வயிற்றோட்டமும் சீதபேதியும்தான். 1872இல் தோட்டங்களின் மருத்துவத் தேவைக்கென்று சட்டம் வந்தது, 1912இல் அது திருத்தி எழுதப்பட்டது. இன்றைக்கு நாம் டிஸ்பென்சரி என்று சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. தொழிலாளியின் உடம்பு வேலைக்கு நிற்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அந்த உடம்புக்குள் இருந்த மனுஷனைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

சரி, உலகம் என்ன செய்தது? அமெரிக்கா 1914இல் சட்டம் போட்டு, சில வருஷத்திலேயே அடிமைப்பட்டவருக்கு மோர்பின் எழுதிக்கொடுத்த டொக்டர்களையும் பிடித்து அடைத்தது. பிரிட்டனில் 1926இல் ரோல்ஸ்டன் குழு நேர்மாறாகச் சொன்னது: இது நோய், டொக்டர் தேவை என்று கண்டால் தொடர்ந்து கொடுக்கலாம். 1960களில் அமெரிக்காவே வழி மாறியது. நியூயோர்க்கில் வின்சன்ட் டோல் என்ற ஆராய்ச்சியாளரும் மேரி நிஸ்வாண்டர் என்ற மனநல வைத்தியரும் மெதடோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1965இல் அவர்கள் வெளியிட்ட முதல் கட்டுரையில் இருந்தவர்கள் 22 பேர்தான்.

அது வேலை செய்கிற விதம் ரொம்பச் சிக்கல் இல்லை. குடு மூளையில் போய் உட்காருகிற அதே இடத்தில் மெதடோனும் உட்காரும். ஆனால் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். ஒருவேளை குடித்தால் ஒரு நாள் தாங்கும். சரியான அளவு கொடுத்தால் கிறக்கமும் இல்லை, நடுக்கமும் இல்லை. பியூப்ரனோர்பின் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. அதன் வேகம் ஒரு கட்டத்துக்கு மேல் கூடாது என்பதால் ஆபத்து இன்னும் குறைவு. 2005இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தச் சிகிச்சையில் இருக்கிறவர்களிடையே சாவு ஏறத்தாழ பாதியாக, சில கணக்குகளில் அதற்கும் கீழே குறைகிறது.

எனக்குப் பிடித்த உதாரணம் ஹொங்கொங். 1972இல் சிறிதாகத் தொடங்கி, 1976க்குள் ஊரெல்லாம் கிளினிக் திறந்தார்கள். ஆள் வந்து, தாதிக்கு முன்னால் மருந்தைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். நம்ம கணக்குல சொன்னா, பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி டிஸ்பென்சரிப் படி ஏறி இறங்குற மாதிரி. அன்னைக்குப் பேர் விழும், சம்பளமும் வரும்.

பக்கத்து நாட்டையும் பாருங்க. டெல்லியில் 1993இல் ஒரு தொண்டு நிறுவனம் பியூப்ரனோர்பின் கொடுக்கத் தொடங்கியது. பிறகு இந்திய அரசாங்கமே எயிட்ஸ் தடுப்போடு சேர்த்து அதை விரித்தது. அதே மருந்து 1990களில் சென்னைத் தெருவில் ஊசியாக ஏற்றப்பட்டதும் உண்மை. அதனால்தான் மாத்திரையைப் பொடித்து, தாதியின் கண்முன்னே நாக்கடியில் கரையவிடுகிறார்கள். ஐஸ் பழக்கத்துக்கு இது உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இது அபின் குடும்பத்துக்கு மட்டும்.

இனி நம்ம நாடு. 1910 சட்டத்துக்குப் பிறகு 1929இல் வந்த நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் அடித்தளம். 1984இல் ஒரே வருஷத்தில் இரண்டு காரியம் நடந்தது. 11ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை பிறந்தது. 13ஆம் இலக்கத் திருத்தம் 2 கிராம் ஹெரோயினுக்கு மரணதண்டனை அல்லது ஆயுள்தண்டனை என்றது. 2007இன் 54ஆம் இலக்கச் சட்டம் சிகிச்சை என்ற சொல்லைக் கொண்டுவந்தது. கூடவே கட்டாயச் சிகிச்சையையும். சபையின் சிகிச்சை நிலையங்கள் என்று பலரும் சொல்வது தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ. மெதடோன் மாதிரியான சிகிச்சை இங்கே வழக்கமான பொதுச் சிகிச்சையாக வேரூன்றவில்லை.

கட்டாயம் என்றால் கந்தக்காடு. 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததும் நூற்றுக்கணக்கானோர் வேலி உடைத்து ஓடியது ஞாபகம் இருக்கும். அந்தச் சாவுக்காகப் படையினரும் கைதானார்கள். 2023 டிசம்பரில் தொடங்கிய யுக்திய நடவடிக்கையில் ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். பிடிபட்டவர்களில் எத்தனையோ பேருக்கு முதல் ராத்திரி கூட்டுச் சீமெந்துத் தரையில் அதே நடுக்கம்தான்.

எங்க அண்ணனுக்கும் அப்படித்தான். விளக்கமறியல், பிறகு பல மாசம் புனர்வாழ்வு. வந்தப்போ நல்லாத்தான் இருந்தார், உடம்பும் தேறி இருந்துச்சு. யாரும் அவருக்குச் சொல்லாத ஒண்ணு இருக்கு: மாசக்கணக்கா நிறுத்தின உடம்புக்குப் பழைய அளவு விஷம். ரெண்டாவது கிழமை பதுளை டவுனுக்குப் போய் வந்த அன்னைக்கு ராத்திரி உதடு நீலமாகிக் கிடந்தார். தோட்டத்து லொறியில ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டு எழுப்பிட்டாங்க. மூணு நாள்ல துண்டு வெட்டி அனுப்பினாங்க. துண்டுல அடுத்த கிளினிக் திகதி எதுவும் இல்ல.

போன மாசம் பெரியம்மா கேட்டாங்க, "இதுக்கெல்லாம் மருந்து இருக்காடா தம்பி?" இருக்குன்னேன். ஹொங்கொங் சொன்னேன், டெல்லி சொன்னேன். கொழுந்துக் கூடையை இறக்கி வச்சுட்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டாங்க.

"பதுளையில?"ன்னாங்க.