சட்டமும் சந்தையும்: கஞ்சா விற்பனையிற் கனடாவின் அனுபவம்

தடைசெய்யப்பட்டிருந்த ஒரு பொருளின் விற்பனையை அரசு அனுமதித்தவுடன் கள்ளச்சந்தை தானாகவே மறைந்துவிடும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. பழகிய விற்பனையாளனை விட்டு உத்தரவுபெற்ற கடையை நாடுவதற்குச் சட்டம் வழிதிறக்கலாம். ஆயின் அவ்வழியே பாவனையாளனை நடத்திச் செல்வன விலையும், கடையின் அண்மையும், பொருளின் தரத்தில் அவன் கொள்ளும் நம்பிக்கையுமே.

இவ்வுண்மை புதியதன்று. இந்தியாவிற் கஞ்சாப் பாவனையை ஆராய்வதற்குப் பிரித்தானிய ஆட்சியாளர் 1893 ஆம் ஆண்டில் ஓர் ஆணைக்குழுவை நியமித்தனர். மக்வேர்த் யங் தலைமையிலான அக்குழு 1193 சாட்சிகளிடம் கருத்தறிந்து, 1894 இல் தன் அறிக்கையை நிறைவுசெய்தது. முற்றான தடையை அது ஏற்கவில்லை. உத்தரவுமுறையையும் தீர்வையையும் கடைகளின் எண்ணிக்கையை மட்டுப்படுத்தலையும் அது சிபாரிசு செய்தது. தீர்வை உயர்ந்ததாயிருத்தல் வேண்டும். எனினும் கள்ளக்கடத்தலைத் தூண்டுமளவிற்கு உயர்தல் ஆகாது என்பதே அதன் நிலைப்பாடாகும்.

ஒரு நூற்றாண்டிற்கு மேல் கழிந்தபின் இதே பிரச்சினையைக் கனடா எதிர்நோக்கியது. 1923 முதல் அங்கு நிலவிய தடை, 2018 ஒக்ரோபர் 17 ஆம் திகதி நீங்கியது. இளைஞரைக் கஞ்சாவிலிருந்து காத்தலும், குற்றக்குழுக்களுக்குச் செல்லும் இலாபத்தைத் தடுத்தலும் புதிய சட்டத்தின் நோக்கங்களுட் சிலவாகும். இவற்றுள் இரண்டாவது நிறைவேறுவதற்குப் பாவனையாளர் கடைமாறுதல் இன்றியமையாததாயிற்று.

தொடக்கத்தில் அது எளிதாக அமையவில்லை. அல்பேட்டா மாகாணத்தில் முதல் நாளிலேயே தனியார் கடைகள் திறக்கப்பட்டன. மக்கள்தொகையில் முதலிடம் வகிக்கும் ஒன்ராறியோவிலோ அரசின் இணையவழி விற்பனை ஒன்றே இருந்தது. சில நாட்களுள் தபால் ஊழியரின் வேலைநிறுத்தமும் தொடங்கியமையால் விநியோகம் தாமதமுற்றது. அங்கு முதற் கடைகள் திறக்கப்பட்டது 2019 ஏப்பிரல் 1 ஆம் திகதியிலேயே. அறிமுகமான விற்பனையாளன் அருகில் இருக்கையில், பொதி வரும்வரை காத்திருப்பவர் எத்தனை பேர்?

விலையும் எதிராகவே நின்றது. பாவனையாளர் தாமாக முன்வந்து அனுப்பிய விபரங்களிலிருந்து கனடாப் புள்ளிவிபரத் திணைக்களம் கணித்தவாறு, 2019 இன் இறுதியிற் சட்டபூர்வமான கஞ்சா ஒரு கிராம் 10 டொலர் அளவிலும், சட்டவிரோதமானது 6 டொலருக்குக் குறைவாகவும் விற்கப்பட்டன. கிராமுக்கு 1 டொலர் அல்லது உற்பத்தியாளர் விலையில் 10 சதவீதம், இவற்றுட் கூடியது தீர்வையாக அறவிடப்பட்டது. இவ்விடைவெளியைக் குறைக்கும் முயற்சியாக, 2019 ஒக்ரோபரிற் கியூபெக்கின் அரசுக் கடைகளில் 28 கிராம் பொதியொன்று வரியுட்பட 125.70 டொலருக்கு, அதாவது கிராம் 4.49 டொலர் வீதம், விற்பனைக்கு வந்தது.

அரசுவழிச் சந்தைக்கு இருந்த பலம் வேறொன்று. ஆய்வுகூடத்திற் பரிசோதிக்கப்பட்டு, வீரியம் குறிக்கப்பட்ட பொதியைக் கள்ளச்சந்தை வழங்க இயலாது. பூஞ்சணமும் பீடைநாசினியும் கலந்திருக்குமோ என்று அஞ்சியவருக்கு இது பெரிதாயிற்று. கடைகள் பெருகி விலையும் வீழ்ச்சியுற, 2020 இன் மூன்றாங் காலாண்டிற் சட்டபூர்வமான கஞ்சாவுக்கான குடித்தனச் செலவு சட்டவிரோதமானதற்கான செலவை முதன்முறையாக விஞ்சியது. எனினும் கள்ளச்சந்தை அழிந்துவிடவில்லை.

இவ்வனுபவம் ஒரு முரண்பாட்டையும் உணர்த்துகின்றது. பாவனையாளரைக் கவரும் மலிவும் அண்மையும் பாவனையையே பெருக்கவும் கூடும். பாவனையைக் குறைக்க விதிக்கும் உயர்ந்த தீர்வையோ அவரை மீண்டும் கள்ளச்சந்தைக்குத் துரத்தக்கூடும். உண்பண்டமாக விற்கும் பொதியொன்றிற் போதைதரும் கூறு 10 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது எனக் கனடா விதித்த எல்லையும் இத்தகையதே. உடல்நலத்தைக் காக்கும் அவ்விதி, வீரியம் கூடியதை நாடுவோரை வெளியே நிறுத்துகின்றது. 1894 இல் அவ்வாணைக்குழு தேடிய நடுநிலையை இன்றைய அரசுகளும் தேடவேண்டியுள்ளன. அதனை ஒருமுறை சட்டமியற்றி எய்திவிட முடியாது. சந்தையின் போக்கை நோக்கி இடையறாது சீர்செய்து வருதலே அரசின் கடமையாகும்.