சேய்மை விளி: எல். ஆர். ஈஸ்வரியின் குரல் குறித்து ஒரு மறுவாசிப்பு

எல். ஆர். ஈஸ்வரியின் இசைவாழ்வை இரண்டாகப் பிளந்து பார்ப்பது ஆய்வாளரிடையே வழக்கமாகிவிட்டது. முற்பாதி திரையின் கேளிக்கைப் பாட்டு. வாய்ப்புக் குறைந்த பிற்பாதி அம்மன் பாட்டு. முன்னது துள்ளல், பின்னது புகலிடம். இந்தப் பகுப்பு பாடகியின் தொழில்நிலையை ஓரளவு விளக்கலாம், குரலை விளக்கவில்லை. அக்குரல் தொடக்கம் முதல் ஒரே வேலையைத்தான் செய்துவந்திருக்கிறது என்பது என் துணிபு. அந்த வேலைக்குத் தமிழ் இலக்கணமே பெயர் வைத்திருக்கிறது: விளி, அதாவது அழைத்தல்.

இதற்கு முதன்மைச் சான்று ‘பாசமலர்’ (1961) படத்தின் திருமணப் பாட்டு. கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்தது. ஈஸ்வரியின் புகழ் இங்கேதான் தொடங்குகிறது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. இதை எப்படிக் கேட்பது என்பதில்தான் சிக்கல். பின்னாளைய கேளிக்கைப் பாடல்களோடு ஒட்டாத, குடும்பப் பாங்கான விதிவிலக்கு என்று இதை ஒதுக்குகிறது அந்தப் பிளவு வாசிப்பு. அது சொல்லின் பொருளை மட்டும் பார்த்த முடிவு.

பாட்டின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஒரு தனிக்குரல் மணப்பெண்ணை அழைக்கிறது. பெண்களின் குழுக்குரல் அந்த அழைப்போடு சேர்ந்துகொள்கிறது. பாடுபவள் தோழி. அகப்பாடல்களில் தலைவிக்காக வாய் திறப்பவளும் தோழிதானே. மணப்பெண் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாள். ஆனால் விளிச்சொல்லின் கடைசி உயிரெழுத்தில் ஈஸ்வரியின் குரல் நீள்கிறது. தொலைவில் இருப்பவரை அழைக்கும்போது பெயரின் ஓசை தன் மாத்திரையைக் கடந்து நீளும் என்கிறது தொல்காப்பியத்தின் விளிமரபு. இதுவே சேய்மை விளி. அருகில் இருப்பவளை ஏன் தொலைவில் இருப்பவளைப் போல அழைக்க வேண்டும்? அவள் இந்த வீட்டைவிட்டுப் போகப்போகிறவள் என்பதால்தான் என்று கருதுகிறேன். பாட்டின் சொற்கள் மகிழ்கின்றன. நீளும் உயிரெழுத்து பிரிவை முன்னறிவிக்கிறது. மெட்டு இசையமைப்பாளர்களுடையது. அந்த நீட்சியில் ஏற்றிய ஏக்கம் பாடகியுடையது.

குழுக்குரலும் தற்செயலாக வந்ததன்று. ஈஸ்வரியின் தாயார் குழுப் பாடகி. ஈஸ்வரியும் ‘மனோகரா’ (1954) படத்தில் குழுவில் ஒருவராகத்தான் பாடத் தொடங்கினார், கே. வி. மகாதேவன் அவருக்குத் தனிப்பாட்டு தந்தது ‘நல்ல இடத்து சம்பந்தம்’ (1958) படத்தில். பின்வரிசையில் நின்று பழகியவருக்கு, முன்குரல் எந்த இடத்தில் விட்டுக்கொடுத்தால் பின்குரல் ஏறிவரும் என்பது தெரியும்.

இனி அம்மன் பாட்டுக்கு வருவோம். அங்கும் ஒரு பெண்குரல் ஒரு பெண்ணை அழைக்கிறது, வரச் சொல்கிறது, குழு தொடர்கிறது. மணப்பந்தல் கோயில் பந்தலாகிறது, மணமகள் தெய்வமாகிறாள், விளி மட்டும் மாறவில்லை. இதை நான் முதலில் உணர்ந்தது மலேசியாவில் உள்ள எங்கள் ஊரான புக்கிட் தெங்காவில், ஆடி மாதத்து விடியற்காலை ஒன்றில். மஞ்சள் சேலையில் பால்குடம் ஏந்திய பெண்கள் சாலையோரம் வரிசையாக நின்றார்கள். கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயில் ஈஸ்வரி பாடிக்கொண்டிருந்தார். தனிக்குரல் ஒலித்தபோது பெண்களின் உதடுகள் அசையவில்லை. குழுக்குரல் வந்த இடத்தில் வரிசை முழுவதும் முணுமுணுத்தது. ஒரு கையால் குடத்தைப் பிடித்திருந்த மூதாட்டி மறுகையை வாயருகே கொண்டுபோய்க் குலவையிட்டார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர்கள் தங்கள் இடத்தை அறிந்திருந்தார்கள். ஒரே காட்சியை வைத்துப் பெருமுடிவு கட்டலாகாது. ஆனால் ‘புகலிடம்’ என்ற சொல் இந்தக் காட்சிக்கு எவ்வகையிலும் பொருந்தாது.

‘வெள்ளி விழா’ (1972) படத்தில் வி. குமார் இசையில் அவர் பாடிய மென்குரல் பாட்டு என் வாதத்தைக் குலைக்கும் என்று சொல்லப்படலாம். அதில் குரல் நீண்டு உயர்வதில்லை; காதோடு அடங்கி ஒலிக்கிறது. எனினும் விளிமரபு அண்மை விளியையும் பேசுகிறது. அருகில் இருப்பவரை விளிக்கும்போது பெயர் தன் இயல்பு கெடாமல் நிற்கலாம். சேய்மைக்கு எவ்வளவு நீட்ட வேண்டும் என்று அறிந்தவரே அண்மைக்கு எவ்வளவு அடக்க வேண்டும் என்பதையும் அறிவார். எனவே அந்தப் பாட்டு விதிவிலக்கன்று, விதியின் மறுபக்கம்.

கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் அம்மனை அழைத்தது முரண் என்பாருக்கு நீண்ட பதில் தேவையில்லை. எங்கள் ஊருக்கு அருகே புக்கிட் மெர்தாஜாமில் உள்ள கத்தோலிக்கப் புனித அன்னாள் ஆலயத்தில் ஜூலைத் திருவிழாவின்போது மெழுகுவத்தி ஏற்றும் இந்துக்களைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். பின்னணிப் பாடகர் தம் பாட்டைத் தாமே தேர்வதில்லை என்பதும் உண்மையே. ஆனால் வெவ்வேறு இசையமைப்பாளர்கள் அழைப்புப் பாட்டுக்கெல்லாம் இவரையே தேடி வந்தார்கள் என்றால், அந்த ஆற்றல் இவரிடம்தான் இருந்தது.

‘ஒஸ்தி’ (2011), ‘மூக்குத்தி அம்மன்’ (2020) படங்களில் அவர் பாடியதை ‘மீள்வருகை’ என்கிறார்கள். முன்னது ஆட்டப்பாட்டு, பின்னது அம்மன் பாட்டு. பிளவு வாசிப்பு தனித்தனிப் பெட்டிகளில் வைத்த இரண்டையும் எழுபதைக் கடந்த ஒரே குரல் பாடிக் காட்டியது. திரையுலகம் அவரை மறந்திருந்த ஆண்டுகளிலும் எங்கள் ஊர் ஒலிபெருக்கிக் கம்பத்திலிருந்து அந்தக் குரல் இறங்கவே இல்லை. இறங்காத குரலுக்கு மீள்வருகை ஏது?