செருப்புக்கடிக்கு ஒரு சரித்திரம்

போன வருஷம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு அக்காகிட்டேருந்து வாட்ஸப்புல ஒரு போட்டோ. எங்க வீட்டு குட்டிப்பயலோட குதிகால். பின்பக்கம் தோல் உரிஞ்சு, செக்கச்செவேல்னு. கீழே ஒரே வரி: "டேய், இனிமே இதை இவனுக்கு நான் மாட்ட மாட்டேன்."

'இது' என்னன்னு சொல்லிடறேன். அக்கா பையன் வளைபாதத்தோட பிறந்தவன். கிளப் ஃபூட்னு டாக்டர்கள் சொல்வாங்க. பாதம் உள்பக்கமா மடங்கி, உள்ளங்கால் அடுத்த காலைப் பார்த்துக்கிட்டு இருக்கும். ஏறக்குறைய ஆயிரம் குழந்தைக்கு ஒண்ணு இப்படிப் பிறக்குது, ஒண்ணும் அபூர்வம் இல்லை. பிறந்த சில நாள்லயே வாராவாரம் மாவுக்கட்டு போட்டு, கொஞ்சம் கொஞ்சமா பாதத்தைத் திருப்புவாங்க. அஞ்சாறு கட்டு. பெரும்பாலும் குதிகாலுக்கு மேல இருக்கிற தசைநாணை சின்னதா வெட்டிவிட்டு, கடைசியா மூணு வாரக் கட்டு. அது முடிஞ்சதும் ரெண்டு குட்டி ஷூ, ரெண்டையும் சேர்க்கிற ஒரு கம்பி. முதல் மூணு மாசம் நாளைக்கு 23 மணி நேரம் போட்டிருக்கணும், அப்புறம் தூங்குற நேரம் மட்டும். ஆனா நாலு வயசு வரைக்கும்!

அக்கா என்ன பண்ணியிருந்தான்னா, குதிகால் லேசா சிவந்ததைப் பார்த்ததும் வாரை ஒரு ஓட்டை தளர்த்திட்டா. அடுத்த நாள் இன்னும் சிவப்பு. இன்னொரு ஓட்டை தளர்த்தி, தேங்காய் எண்ணெயும் தடவியிருக்கா. மூணாவது நாள் கொப்புளம். நாலாவது நாள் அந்த போட்டோ.

டாக்டர் பார்த்துட்டு சொன்னது: "தளர்த்தினதாலதாம்மா புண்ணாச்சு."

எனக்கு இது புரியவே இல்லை. அழுத்தினா புண்ணு, தளர்த்தினா ஆறணும். அதுதானே லாஜிக்? ஆபீஸ்ல ஒரு பக்-கைத் துரத்துற மாதிரி இதைத் துரத்த ஆரம்பிச்சேன். போய் நின்ன இடம் 1930.

அந்த வருஷம் யூஜின் லாண்டிஸ்னு ஒரு அமெரிக்க உடலியல் ஆராய்ச்சியாளர் மனுஷன் நகத்தடியில இருக்கிற நுண்ணிய ரத்தக்குழாய்ல நேரா ஊசியைச் செருகி அழுத்தத்தை அளந்தார். குழாய் தொடங்குற முனையில சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம். வெளியிலிருந்து வர்ற அழுத்தம் இதைத் தாண்டினா அந்த இடத்துக்கு ரத்தம் போறது தடைபடும்னு பல வருஷம் இந்த ஒரே எண்ணை வச்சுக்கிட்டு இருந்தாங்க. (ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும், அது ஒரு கோடு இல்லைன்னு பிறகு தெரிஞ்சது.) 1959-ல மைக்கேல் கோசியாக் நாய்களை வச்சு செஞ்ச சோதனையில அழுத்தத்தோட நேரமும் சேர்ந்துகிட்டது. அதிக அழுத்தம் கொஞ்ச நேரத்துல செய்யுற சேதத்தை, குறைந்த அழுத்தம் நிறைய நேரம் எடுத்துக்கிட்டு செய்யும். 23 மணி நேரம்கிறது நிறைய நேரம்தானே.

ஆனா இது பாதி விடைதான். மீதி பாதி நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்: செருப்புக்கடி. புது ஷூ குதிகால்ல எப்போ கடிக்கும்? இறுக்கிப் பிடிச்சிருக்கும்போது இல்லை, நடக்க நடக்க குதிகால் மேலயும் கீழயும் ஏறி இறங்கும்போது. குழந்தை நாள் முழுக்க உதைச்சுக்கிட்டே இருக்கும். வார் தளர்ந்தா குதிகால் மேல எழும்பும், ஷூவோட பின்சுவர்ல உரசும். தோல்ல எண்ணெய் வேற இருந்தா ஊறி மெத்துனு ஆகி, இன்னும் சுலபமா உரியும். அக்கா பாசத்துல செஞ்ச ரெண்டுமே தப்பான பக்கம் போயிருக்கு.

இப்போ கம்பிக்கு வருவோம். வளைபாதத்தை ஒரு கருவியால நிமிர்த்திடலாம்கிறது பழைய ஆசை. இத்தாலிக்காரர் அந்தோனியோ ஸ்கார்பா 1803-லயே உலோக வில் வச்ச ஒரு ஷூவைப் பத்தி எழுதினார். லண்டன்ல டெனிஸ் பிரௌன் 1934-ல ரெண்டு தகட்டுல ரெண்டு பாதத்தையும் ஒட்டுப்பட்டையால கட்டி, நடுவுல கம்பி போட்டார். குழந்தை உதைக்க உதைக்க அதோட சொந்த பலமே பாதத்தைத் திருப்பிடும்னு கணக்கு. கேட்க அழகா இருக்கு. ஆனா இதுல வேலை செய்யுற பலம் அத்தனையும் தோல் வழியாத்தான் எலும்புக்குப் போகணும்.

இங்கதான் என் ஹீரோ வர்றார். இக்னாசியோ பொன்செட்டி. 1914-ல ஸ்பெயினோட மெனோர்க்கா தீவுல பிறந்தவர், அப்பா கடிகாரம் ரிப்பேர் பண்றவர். உள்நாட்டுப் போர்ல குடியரசுப் படைக்கு டாக்டரா இருந்து, தோத்ததும் காயம்பட்டவங்களோட மலை தாண்டி பிரான்ஸ், அங்கிருந்து மெக்சிகோவுல கிராமத்து டாக்டர், 1941-ல அமெரிக்காவுல அயோவா. அங்க அவருக்குக் கிடைச்ச வேலை, ஆபரேஷன் செஞ்ச வளைபாதக் குழந்தைகள் பிற்பாடு எப்படி இருக்காங்கன்னு தேடிப் பார்க்கிறது. பார்த்தார். பாதம் நேராத்தான் இருக்கு, ஆனா விறைச்சுப் போய், வலியோட இருக்கு. அதிலிருந்துதான் 1940-களோட கடைசியில, மூட்டுகள் இயல்பா எப்படி நகருதோ அந்த வழியிலேயே மெதுவாத் திருப்புற மாவுக்கட்டு முறை பிறந்தது. 1963-ல கட்டுரை போட்டார். முப்பது வருஷம் கிட்டத்தட்ட யாரும் கண்டுக்கலை. 1995-ல அவரோட பழைய நோயாளிகளை முப்பது வருஷத்துக்கப்புறம் பார்த்த ஆய்வு வந்தது, 1998 வாக்குல அயோவா பல்கலைக்கழகம் இணையத்துல விவரம் போட்டது. அதைப் படிச்ச அப்பா அம்மாக்கள் டாக்டரைத் தேடி அயோவாவுக்கே கிளம்பிட்டாங்க. டாக்டர்களுக்கு முன்னாடி பெற்றோர் ஏத்துக்கிட்ட வைத்தியம்! இணையத்துல எழுதறவங்க நாம கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கலாம் :-)

பொன்செட்டியும் டெனிஸ் பிரௌன் மாதிரி கம்பிதான் வச்சார். ஆனா அதோட வேலையை மாத்திட்டார். கம்பி எதையும் திருத்தாது, மாவுக்கட்டு திருத்தினதைப் பிடிச்சு மட்டும் வச்சிருக்கும். இந்த ஒரு வித்தியாசம் புரிஞ்சப்போதான் எனக்குப் புண்ணும் புரிஞ்சது. பாதம் முழுசா திருந்தியிருந்தா அது ஷூவுக்குள்ள சும்மா உட்காரும். முழுசா திருந்தாத பாதத்தை ஷூவுக்குள்ள திணிச்சா, அது பழைய இடத்துக்குப் போக முட்டும், குதிகால் எழும்பும், உரசும். அதாவது புண்ணு தோல் சொல்ற எர்ரர் மெசேஜ். மருந்து தடவி மெசேஜை மறைச்சா பக் அப்படியே இருக்கும்.

அயோவாவுலயும் இந்தத் தொல்லை இருந்தது. அங்க ரொம்ப நாள் பயன்படுத்தினது சாதாரண உயரமான தோல் ஷூ. குதிகாலுக்கு மேல, பின்சுவர்ல, மெத்துனு ஒரு பிளாஸ்டிக் நுரைத் துண்டை ஒட்டி குதிகால் நழுவாம பார்த்துக்கிட்டாங்க. குட்டையா, உருண்டையா இருக்கிற சில பாதத்துல அதுவும் நிக்காது. புண்ணு வந்தா அம்மா கழட்டிடுவாங்க, கழட்டினா பாதம் திரும்ப வளைஞ்சிடும். அயோவா குழு தர்ற கணக்கு இது: கம்பியை ஒழுங்கா போட்ட குடும்பங்கள்ல 6 சதவீதம் பேருக்குத்தான் பழையபடி வளைஞ்சது, போடாதவங்கள்ல 80 சதவீதத்துக்கு மேல. மருத்துவக் கட்டுரைகள்ல இந்தக் குடும்பங்களுக்கு 'சொன்னபடி கேட்காதவர்கள்'னு பேரு. எனக்கு இந்தப் பேர் மேல கோபம் உண்டு. ராத்திரி மூணு மணிக்கு அலறுற குழந்தையோட ஷூவைக் கழட்டுறது கீழ்ப்படியாமையா?

ஷூவைக் குறை சொன்னவர் ஜான் மிட்செல். அதே அயோவா மாநிலத்துக்காரர். 2000-களின் தொடக்கத்துல பொன்செட்டி பக்கத்துல இருந்து சொல்லச் சொல்ல, ஷூவையே செருப்பா மாத்தினார். மிருதுவான தோல் வார், குழந்தைப் பாதத்தோட வடிவத்துல வார்த்த பிளாஸ்டிக் அடி. பின்னாடி ரெண்டு ஓட்டை: அதுவழியா எட்டிப் பார்த்தா குதிகால் கீழே உட்கார்ந்திருக்கா இல்லையான்னு தெரியும். சின்ன விஷயம்தான், ஆனா எஞ்சினியரா எனக்கு அந்த ரெண்டு ஓட்டை மேலதான் காதல். உள்ளே நடக்கிறதை வெளியே காட்டுது.

பணக்கார நாட்டுக்கு அது. உகாண்டாவுல மிகீல் ஸ்டீன்பீக்னு ஒரு டச்சுக்காரர், உள்ளூர்ல கிடைக்கிற தோல், ஒட்டுப்பலகை, இரும்புக் கம்பி வச்சே இதே வேலையைச் செய்யுற ஷூவை வடிவமைச்சார். இந்தியாவுலயும் நிறைய குழந்தைங்க போடுறது இந்த ஸ்டீன்பீக் வகைதான்.

ஒரு சின்ன கிளைக்கதை. பொன்செட்டி பிறந்த அதே 1914-ல, நம்ம கொல்லிமலையில பிறந்தவர் பால் பிராண்ட். வேலூர்ல தொழுநோயாளிகளோட கால் புண்ணைப் பார்த்துப் பார்த்து, புண்ணுக்குக் காரணம் நோய் நேரா தின்கிறது இல்லை, வலி தெரியாததால ஒரே இடத்துல விழுற அழுத்தம்னு காட்டினவர். புண் வர்றதுக்கு முன்னாடி அந்த இடம் சூடாகும்னு கையால தொட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர். அங்க வலி தெரியாத கால். இங்க வலி தெரியும், ஆனா சொல்லத் தெரியாத வாய். ரெண்டு இடத்துலயும் பார்க்கிறவங்க கண்ணும் கையும்தான் வேலை செய்யணும்.

சரி, குட்டிப்பயல் கதை. டாக்டர் கணுக்காலை மேல மடக்கிப் பார்த்தார், போதுமான அளவு மடங்கலை. புண்ணுக்குக் கட்டு போட்டு, மறுபடியும் ரெண்டு வாரம் மாவுக்கட்டு. அதுக்குள்ள தோலும் ஆறிடுச்சு, பாதமும் திரும்பிடுச்சு. பழைய ஷூவும் அளவு தப்பாம். விற்ற கடைக்காரர் "வளர்ற குழந்தை, ஒரு சைஸ் பெருசா வாங்கிக்கோங்க"ன்னு கொடுத்தது. ஸ்கூல் யூனிபார்ம்னு நினைச்சுட்டார் போல.

நர்ஸக்கா சொல்லிக்கொடுத்த வித்தை இது: பருத்தி சாக்ஸ் சுருக்கமில்லாம போடணும், முதல்ல நடு வாரை இறுக்கணும். அப்புறம் முழங்காலுக்குக் கீழ பிடிச்சு மேலயும் கீழயும் லேசா இழுத்துப் பார்க்கணும். விரல் முன்னும் பின்னும் நகர்ந்தா குதிகால் உட்காரலை. சரியா உட்கார்ந்த அன்னிக்கு, விரல் நுனி எங்க வருதோ அங்க உள்பக்கம் பேனாவால ஒரு கோடு. மறுநாள்லேருந்து விரல் அந்தக் கோட்டைத் தொடணும். கழட்டும்போது லேசான சிவப்பு சகஜம், அரைமணி நேரத்துல மறையணும். மறையலைன்னா, கொப்புளம்னா, எண்ணெய் கிண்ணெய் வேண்டாம், அன்னிக்கே ஆஸ்பத்திரி.

அக்கா இப்போ கோடு போடறதுல எக்ஸ்பர்ட். மூணு ஜோடி மாத்தியாச்சு, மூணுலயும் நீல மை. பயல் பகல்ல வீடு பூரா ஓடுறான், ராத்திரி ஆனா அவனே காலை நீட்டுறான்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர்க்காரன். உங்க வீட்டுக் குழந்தைக்கு கம்பி போட்டிருந்தா, எத்தனை மணி நேரம், எவ்வளவு இறுக்கம்கிறதை உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, என்கிட்ட இல்லை.