வீட்டுக்கே வந்த வாசிப்புத் தேர்வு

பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்வீடனில் பிள்ளை வாசிக்கிறதா என்று பார்க்கப் பாதிரியாரே வீடு தேடி வந்தார். பெரும்பாலும் குளிர்காலத்தில், வயல்வேலை ஓய்ந்த நாட்களில் வருவார். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். வீட்டுக்காரர், மனைவி, பிள்ளைகள், பண்ணையாள், வேலைக்காரப் பெண் என ஒருவர் பாக்கியில்லாமல் அவர் முன்னால் புத்தகத்தைப் பிரித்து வாசித்துக் காட்ட வேண்டும்.

இதற்கு வழிசெய்தது 1686-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம். பதினோராம் கார்ல் மன்னர் காலத்தில் வந்த அந்தச் சட்டம், பிள்ளைகளும் பண்ணையாட்களும் வேலைக்காரப் பெண்களும் வாசிக்கக் கற்றாக வேண்டும் என்றது. பள்ளிக்கூடம் கட்டித் தருவதாக அது சொல்லவில்லை. ஊருக்கு ஊர் பள்ளி இருக்க வேண்டும் என்ற சட்டம் 1842-இல்தான் வந்தது. இடைப்பட்ட ஒன்றரை நூற்றாண்டும் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்தது வீடு. பொறுப்பு குடும்பத் தலைவருடையது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தது பல வீடுகளில் தாய்.

பாதிரியாரின் பதிவேட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பண்ணை வாரியாகப் பக்கங்கள், ஆள் வாரியாக வரிகள். பல ஊர்ப் பதிவேடுகளில் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதற்கு ஒரு கட்டம், மனப்பாடமாக ஒப்பிப்பதற்கு இன்னொரு கட்டம், பொருள் புரிந்திருக்கிறதா என்பதற்குத் தனியாக ஒரு கட்டம் இருந்தன. லூத்தரின் 'சிறிய ஞானோபதேசம்' என்ற சமயப் பாடநூலைத் தினமும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஓர் எழுத்தும் தெரியாமலே பக்கம் பக்கமாகச் சொல்ல வரும். கண் எழுத்தின்மேல் ஓடுகிறதா, வாய் நினைவிலிருந்து ஓடுகிறதா என்று பிரித்தறியத் தெரிந்தவர்கள்தான் அந்தக் கட்டங்களை வகுத்திருக்க முடியும். வாசிப்புக்கும் வெறும் தேறியது, தேறாதது என்று எழுதவில்லை. தொடங்கியிருக்கிறது, கொஞ்சம் வருகிறது, நன்றாக வருகிறது என்று படிப்படியாகக் குறித்தார்கள். சில ஊர்களில் சிறு கோடுகளே குறியீடு. பிள்ளை முன்னேற முன்னேற, பழைய குறியோடு இன்னொரு கோடு சேரும். ஒரே பதிவேடு பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்ததால், ஒரு பிள்ளை வாசிக்கப் பழகிய கதை முழுவதும் ஒரே வரியில் கிடைக்கிறது. போன வருடத்துப் பிள்ளையோடு இந்த வருடத்துப் பிள்ளையை ஒப்பிடும் இந்த முறையைவிட நியாயமான அளவுகோல் வேறென்ன இருக்கிறது?

உமேயோ பல்கலைக்கழக வரலாற்றாய்வாளர் ஏகில் யோஹான்சன் இந்தப் பதிவேடுகளை ஊர் ஊராக ஆராய்ந்தார். பள்ளிகள் பெருகுவதற்கு முன்பே மக்களில் மிகப் பெரும்பாலோர் வாசித்தார்கள் என்பதும், பெண்கள் ஆண்களுக்குப் பின்தங்கவில்லை என்பதும் அவர் காட்டிய உண்மைகள். எழுதுவது மட்டும் அரிதாகவே இருந்தது. தேர்வில் அது கேட்கப்படவில்லை, அதனால் வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிள்ளையின் வாசிப்பை வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் வழக்கம் நம் நாட்டில் வேறு காரணத்துக்காக வந்தது. பிரதம் அமைப்பின் 'ஏசர்' ஆய்வுக்காகத் தன்னார்வலர்கள் 2005 முதல் தமிழகம் உட்பட நாடெங்கும் கிராமத்து வீடுகளுக்குப் போகிறார்கள். பள்ளிக்கு வராத பிள்ளையும் விடுபடக் கூடாது அல்லவா? எழுத்து, சொல், ஒரு பத்தி, ஒரு கதை என்ற வரிசையில் பிள்ளை எதுவரை வாசிக்கிறது என்று அங்கேயே குறித்துக்கொள்கிறார்கள். இதில் யாருக்கும் தண்டனை இல்லை.

ஸ்வீடனில் இருந்தது. ஞானோபதேசம் தெரியாதவருக்குத் திருவிருந்து கிடையாது. திருவிருந்துக்குத் தகுதி பெறாதவருக்குத் திருமணமும் இல்லை. மக்களை வாசிக்க வைத்ததில் இந்தக் கெடுபிடிக்குப் பெரும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் எழுத்துக்கூட்டத் திணறியவர்களுக்கு அது எத்தனை பெரிய அவமானம்! 1809 வரை ஸ்வீடனோடு இருந்த பின்லாந்திலும் இதே சட்டம்தான். அலெக்சிஸ் கிவி 1870-இல் வெளியிட்ட 'ஏழு சகோதரர்கள்' நாவல் அந்த அவமானத்தை நேராகவே காட்டுகிறது. வளர்ந்த ஆண்கள் ஏழு பேர் அகரவரிசை கற்க உபதேசியார் வீட்டில் உட்கார்கிறார்கள். எழுத்து ஏறவில்லை, தண்டனை கிடைக்கிறது; ஜன்னலை உடைத்துக்கொண்டு ஓடிக் காட்டுக்குள் குடியேறுகிறார்கள். கடைசியில் அவர்கள் வாசிக்கக் கற்பதும் காட்டிலிருந்த அந்தச் சொந்த வீட்டில்தான். அங்கே ஆசிரியர், எல்லோருக்கும் இளையவனான ஏரோ.